தொட்டியடியில் கேட்ட கேள்வி

அத்தியாயம் பதினொன்று

“தலை வாரி முடியலையாம்மா இன்னும்? முதல் மணி அடிச்சிட்டான்.”

“தலையைக் காட்டினாத்தானே நைனா வாரறது? இந்தப் பக்கம் புடிச்சா அந்தப் பக்கம் நழுவுது.”

“போவட்டும் விடு. இன்னிக்கு ஒரு நாள்தானே.”

சொன்ன பிறகுதான் மாசிலாமணிக்குத் தான் சொன்னது உறைத்தது. மகள் சுகிர்தம் மடியில் குழந்தையோடு, கையிலிருந்த சீப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வாரம் முழுக்க இருவரும் வாயில் வராமல் காத்து வைத்திருந்த பேச்சு அது.

“நான் முன்னாடி போறேன். கோயில்ல முதல் வேதபாடம் வாசிக்கறது நான்தான்” என்று சொல்லிவிட்டு, மாசிலாமணி குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது.

இன்று ஒரு நாள்தான். பூந்தமல்லிக் கோயிலில் இன்று அறுப்பின் பண்டிகை. ஆராதனை நடுவிலே குழந்தைக்கு ஞானஸ்நானம். மத்தியானச் சாப்பாடு ஆனதும், குழந்தையின் அப்பன் தயாளன் அதைத் தூக்கிக்கொண்டு காட்டுப்பாக்கத்துக்கு பஸ் ஏறிவிடுவான்.

பெற்றவள், சுகிர்தத்தின் அக்கா எப்சிபா, போன வருஷம் இதே பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் பிரசவத்தில் போனாள். அன்றிலிருந்து குழந்தை சுகிர்தத்தின் இடுப்பில்தான் வளர்ந்தது. தயாளனுக்கு மறு கலியாணம் ஆன அன்று வாசலில் நின்று பன்னீர் தெளித்ததும் சுகிர்தம்தான். அதைப் போன வாரமே பார்த்தோம். இப்போது அவன் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருக்கிறாள். பெற்ற அப்பன் கேட்கிறான். இதில் யார் என்ன மறுத்துச் சொல்ல முடியும்?

மறுக்க முடியாது. ஆனால் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. ஒரு வருஷமாக அது சுகிர்தத்தின் தொண்டையிலேயே நின்றது.

“ஊட்ல யாரும்மா? வசந்தா கீறாளா?”

வாசலில் வஹீதுன்னிசா. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருப்பவள். கையில் ஒரு சின்னத் தலையணை.

“இலவம் பஞ்சு. நானே அடைச்சேன். புது எடத்துல தூக்கம் வராது கொயந்தைக்கு. வசந்தா, ஏ வசந்தா, இங்க பாரும்மா யாரு வந்துகீறான்னு.”

சீப்புக்குப் பிடிபடாத தலை சட்டென்று திரும்பியது. குழந்தை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தத்தித் தத்தி அவளிடம் போயிற்று.

“யாரு அக்கா வசந்தா?”

கேட்டது பேபி. தயாளனின் புது மனைவி. சென்னீர்குப்பத்துப் பெண். ஞானஸ்நானத்துக்குத் தைத்த வெள்ளைக் கவுனைக் கொடியில் உலர்ந்த துணி மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வஹீதுன்னிசாவுக்குப் பின்னாலேயே படியேறி வந்திருந்தாள்.

வஹீதுன்னிசா சுகிர்தத்தைப் பார்த்தாள். சுகிர்தம் தரையைப் பார்த்தாள்.

“சும்மா... செல்லமா கூப்பிடறது.”

“நீங்க எல்லாரும் பாப்பான்னுதானே கூப்பிடுவீங்க?”

“பாப்பான்னும் கூப்பிடுவோம்.”

பேபி அதற்கு மேல் கேட்கவில்லை. கவுனைக் குழந்தைக்கு மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். “அவரு எப்சிபான்னு வைக்கணும்னு சொல்றாரு. நல்லதுதான். பெத்தவ பேரு. தினமும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் நான் சோறு ஊட்டணும். ஊட்டுவேன் அக்கா. பழகிடும்.”

“பேபி...”

“நான் ஒண்ணும் நெனச்சிக்கல. அதுக்குத்தான் நீங்க ஞானத்தாயா நிக்கணும்னு நானே சொன்னேன். நாளைக்கு இவளுக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா உங்களுக்கும் பாத்தியதை இருக்கட்டும். புள்ளையைப் பறிச்சிக்கினு போனவன்னு எனக்குப் பேர் வேண்டாம்.”

நல்ல மனசோடு செய்தாள். அவளுக்கு எப்படித் தெரியும், அந்த இடத்தில் நிற்க மட்டும் சுகிர்தம் பயந்துகொண்டிருந்தாள் என்று?

பேபி குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். வஹீதுன்னிசா குரலைத் தாழ்த்தினாள்.

“இன்னும் சொல்லலியா நீ?”

“இல்ல.”

“இன்னா பொண்ணும்மா நீ. நான்தானே டம்ளர்ல தண்ணி மொண்டு குடுத்தேன்? நான் கண்ணால பாத்தேனே.”

“சொன்னா எல்லாத்தையும் சொல்லணும். பேரை மட்டும் சொல்ல முடியாது.”

அன்றைக்கு நடந்தது இதுதான். குழந்தை பிறந்து அழவில்லை. உடம்பெல்லாம் நீலம். நர்ஸம்மா டாக்டரைத் தேடிக்கொண்டு ஓடினாள். எப்சி கண் விழித்துத்தான் இருந்தாள்.

“தங்காது போல இருக்கு சுகி. சும்மா அனுப்பாதே. நைனா சொல்லிக் குடுத்தாரே, ஆபத்துல ஞானஸ்நானம் யாரும் குடுக்கலாம்னு. நீ குடு.”

“நானா?”

“வேற யாரு கீறா இங்க? என் பேரை மட்டும் வெச்சிடாதே. பொழைச்சிதுன்னா, பாக்கறவங்கள்லாம் என்னை நெனச்சி உச்சுக்கொட்டுவாங்க. நம்ம ஊட்ல யாரும் போட்டுக் கழட்டாத பேரா இருக்கட்டும். வசந்தான்னு வை.”

பானைத் தண்ணீர். வஹீதுன்னிசாவின் கையில் டம்ளர். சுகிர்தம் மூன்று முறை குழந்தையின் தலையில் ஊற்றினாள். மூன்றாவது முறைக்குக் குழந்தை வீறிட்டது. எப்சி சிரித்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை.

கோயிலில் மறுநாள் பண்டிகைக்குப் பாட்டு பழக்கிக்கொண்டிருந்த தயாளன் ஓடி வந்து சேர்ந்தபோது, எப்சியின் முகத்தை மூடியிருந்தார்கள். பாடகர் குழுவை நடத்துகிறவன் அவன்தான். நாளைக்குத்தான் பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், இன்னும் ஒரே ஒரு தடவை பாடிவிட்டுப் போகலாம் என்று நின்றுவிட்டான்.

“ஏதாவது சொன்னாளா? என்னைக் கேட்டாளா?” என்று சுகிர்தத்தின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் எப்படிச் சொல்வாள்?

“மயக்கத்துலயே இருந்தா மாமா. நீங்க வந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது.”

சவப்பெட்டியை மூடும்போது தயாளன் எல்லார் எதிரிலும் அழுதுகொண்டே சொன்னான், “உன் பேரைத்தான் வெப்பேன் எப்சி.” அப்புறம் சுகிர்தம் எங்கே வாயைத் திறப்பது? வசந்தா என்று சொன்னால், எப்சி விழித்திருந்தாள் என்று சொன்னதாகிவிடும். விழித்திருந்தாள் என்றால் அவனைக் கேட்டிருப்பாள்.

தயாளனும் ஞானஸ்நானத்தைத் தள்ளிக்கொண்டே வந்தான். ஞானஸ்நானத் தொட்டியருகே தனியாக நிற்க அவனுக்குத் தெம்பில்லை. சனிக்கிழமைகளில் பெண்கள் சங்கத்துக்காக வீடு வீடாகப் பிடி அரிசி வாங்கிப் போதகர் வீட்டில் சேர்க்கிற வேலை சுகிர்தத்துடையது. இரண்டு முறை போதகர் ஞானமுத்து ஐயாவிடம் சொல்லிவிடுவது என்று படியேறினாள். இரண்டு முறையும் அரிசியை அளந்துகொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

“நான் வேணும்னா வந்து சொல்றேன்” என்றாள் வஹீதுன்னிசா.

“வேண்டாம் வஹீதாம்மா. என் வாயாலதான் வரணும்.”

“வருமா?”

இரண்டாவது மணி அடித்தது.

கோயிலுக்குள் கால் வைக்க இடமில்லை. தூணுக்குத் தூண் கரும்பு கட்டியிருந்தது. பீடத்தின் படியில் பூசணியும் வாழைத்தாரும் அவரைக்காய்க் குவியலும். அரிசி கிடைக்காத வருஷம். இருந்தும் யாரோ ஒரு சின்ன மூட்டை நெல் கொண்டுவந்து நடுவில் வைத்திருந்தார்கள். காலைக் கட்டிய கோழி ஒன்று ஞானஸ்நானத் தொட்டியின் கீழே கிடந்து, ஜெபத்தின் நடுவிலெல்லாம் கூவியது.

“அது யாரு காணிக்கை?”

“நம்ம உத்தமனுது. அவனை மாதிரியே வாயி.”

“சும்மா இருங்கடி, ஐயா பாக்கறாரு.”

மாசிலாமணி பாடம் வாசித்தார். வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடும்போது, பெண்கள் பக்கத்தில் பேபியின் மடியிலிருந்த குழந்தையை ஒரு தரம் பார்த்தார். முப்பது நாற்பது வருஷமாகப் பிள்ளைகளை நற்கருணைக்குத் தயார் செய்கிற திடப்படுத்தல் வகுப்பு எடுத்த மனுஷன். சபையில் பாதிப் பேருக்கு அவர்தான் வாத்தியார். அந்தக் குரல் இன்று கடைசி வரியில் தடுக்கிற்று.

தயாளன் ஆர்மோனியத்தின் முன்னால் இருந்தான். ஞானஸ்நானம் முடிந்ததும் அவன் மெட்டுப் போட்ட அறுப்புப் பாட்டு. போன வருஷம் பழகிய பாட்டு. பண்டிகையன்று பாட முடியாமல் போன பாட்டு. இந்த வருஷம் பாடியே தீருவது என்று வைத்திருந்தான்.

போதகர் தொட்டியருகே வந்தார். மரமூடியை எடுத்து வைத்தார். அவர் பழைய காலத்து மனுஷர். பழைய முறைமைப்படி ஒரு வரி விடாமல் நடத்துவார்.

“பிள்ளையைக் கொண்டுவாருங்கள்.”

சுகிர்தம் குழந்தையை வாங்கிக்கொண்டாள். பேபி பக்கத்தில் நின்றாள். குழந்தை தண்ணீரைப் பார்த்ததும் குனிந்து, உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தது. போதகரின் வெள்ளங்கியில் தெறித்தது. பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு ஓடியது. ஆர்மோனியத்துக்குப் பின்னால் தயாளனும் சிரித்தான். பல மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் அந்தச் சிரிப்பைச் சுகிர்தம் பார்த்தாள்.

போதகர் அங்கியைத் துடைத்துக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டார். எல்லா ஞானஸ்நானத்திலும் முதலில் கேட்பது. பதில் சொல்ல வேண்டியது ஞானத்தாய். ஒரே வார்த்தைதான் பதில். அதை யாரும் காதில்கூட வாங்குவதில்லை.

“இந்தப் பிள்ளை முன்னமே ஞானஸ்நானம் பெற்றதுண்டா?”

இல்லை என்று சொல்ல வேண்டும். எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். கோழி இரண்டு தரம் கூவியது.

“சுகிர்தம், கேட்டது காதில் விழவில்லையா?”

“விழுந்துதுங்க ஐயா.”

“பின்னே சொல்.”

அவள் தயாளனைப் பார்த்தாள். அவன் ஒரு கையால் ஆர்மோனியத்தின் துருத்தியை அழுத்திச் சுருதியை மெல்லப் பிடித்துவைத்திருந்தான், பாட்டுக்குத் தயாராக.

பக்கத்தில் பேபி உதடு அசையாமல் சொன்னாள். “அக்கா, எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. நாளையிலேர்ந்து இவளைக் கூப்பிடப் போறது நான்தானே.”

“ஆயிடுச்சுங்க ஐயா” என்றாள் சுகிர்தம். “முன்னமே ஆயிடுச்சு.”

போதகர் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார். அறுப்பின் பண்டிகைக் கூட்டம் மொத்தமும் எட்டிப் பார்த்தது. அவருக்கு மட்டும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அப்படி ஒருவர் சொன்னால் என்னென்ன கேட்க வேண்டும் என்பதும் அந்த முறைமையிலேயே இருக்கிறது. அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. மனப்பாடமாகக் கேட்டார்.

“யார் கொடுத்தது?”

“நான்தான். ஆஸ்பத்திரியில. மூச்சு இல்லாம இருந்துது.”

“எதைக் கொண்டு?”

“தண்ணி. பானைத் தண்ணி.”

“யார் நாமத்திலே?”

“பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில. மூணு தரம் ஊத்தினேன்.”

“இது உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?”

ஆண்கள் பக்கத்தில் மாசிலாமணி எழுந்து நின்றார். குடையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“நான்தாங்க ஐயா. வகுப்புல சொல்றதுதான்.”

“சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்” என்றார் போதகர். “கூட யார் இருந்தது?”

“ஆயாம்மா வஹீதுன்னிசா.”

“வேறே?”

சுகிர்தம் குழந்தையின் கவுனைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததைச் சரிசெய்தாள்.

“என்ன பேர் வைத்தாய் அம்மா?”

“வசந்தா.”

“அந்தப் பேரை யார் சொன்னது?”

இதைக் கேட்டது போதகர் இல்லை. ஆர்மோனியத்துப் பக்கமிருந்து வந்தது. தயாளன் கேட்டான்.

“அக்கா சொன்னா மாமா.”

அவன் கை துருத்தியிலிருந்து நழுவிவிட்டது. பிடித்துவைத்த சுருதி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு காற்றுப் போகப் போக இறங்கி, கம்மி, அடங்கியது.

போதகர் தொட்டியைப் பார்த்தார். தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

“இது ஒரு முறைதான் கொடுப்பது. கொடுத்தாயிற்று. மறுபடியும் கொடுத்தால், முதலில் கொடுத்ததை இல்லை என்று சொன்னதாகும். நான் அதைச் செய்ய மாட்டேன்” என்றார். மரமூடியை எடுத்துத் தொட்டியை மூடினார். பிறகு குழந்தையைக் கையில் வாங்கி, நெற்றியில் சிலுவையிட்டு, சபையைப் பார்த்து உயர்த்திப் பிடித்தார். “வசந்தா. இந்தப் பிள்ளையை நம் சபையிலே சேர்த்துக்கொள்ளுகிறோம்.”

“ஆமென்” என்றது சபை. பாதிப் பேர் குரல்தான் வந்தது.

பெண்கள் பக்கத்தில் சங்கத்துச் செக்ரட்டரி பஞ்சவர்ணம் பக்கத்துப் பெண்ணின் காதில், மூன்று வரிசைக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். “ஒரு வருஷமா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தா? புள்ள போவப்போற அன்னிக்குத்தான் ஞாபகம் வந்துதாம். இன்னா திட்டம் பாரு.”

சுகிர்தத்தின் காதிலும் விழுந்தது. பேபி காதிலும் விழுந்தது. பேபி திரும்பிப் பார்த்து, “புள்ள என் கூடத்தான் வருதுங்க. திட்டம் ஒண்ணும் கிடையாது” என்றாள், அமைதியாக.

அடுத்தது பாட்டு. எல்லாரும் புத்தகத்தைத் திறந்துகொண்டு எழுந்தார்கள். ஆர்மோனியத்தின் முன்னால் யாரும் இல்லை. பக்கத்துக் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

ஆராதனை முடிந்து, வெளியே காணிக்கைப் பொருள்களின் ஏலம் தொடங்கிவிட்டது. “இந்தாப்பா, முத்தின பூசணி, மூணு குடும்பத்துக்கு வரும், கேளு கேளு” என்று உத்தமன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். அவனுடைய கோழியை அவனே ஏலம் கேட்டதாகப் பின்னால் ஒரு சிரிப்பு.

தயாளன் கோயிலுக்குப் பின்னால், கைப்பம்பின் சிமென்ட் மேடையில் உட்கார்ந்திருந்தான். சுகிர்தம் தயங்கித் தயங்கிப் போய் எதிரே நின்றாள்.

“மயக்கத்துலயே இருந்தான்னு சொன்னே.”

“சொன்னேன்.”

“பேரெல்லாம் வெச்சிருக்கா.”

“மாமா...”

“‘நீங்க வந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது’ன்னே. அந்த ஒரு வார்த்தையை வெச்சிக்கிட்டுத்தான் சுகிர்தம் நான் தூங்கறேன். இன்னி வரைக்கும். பேபியைக் கட்டிக்கிட்டது, வேலைக்குப் போறது, ஆர்மோனியப் பொட்டி முன்னாடி மறுபடியும் உக்காந்தது எல்லாம். போயிருந்தாலும் அவளுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு.”

“அதுக்காகத்தான் சொன்னேன்.”

“தெரியுது.” அவன் பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். “என்னைக் கேட்டாளா?”

பூசணி யாருக்கோ போய்விட்டது. கைதட்டினார்கள்.

“கேட்டா.”

“என்னன்னு?”

“‘அவரு இன்னும் வரலையா’ன்னா. நாளைக்குப் பண்டிகையாச்சே, பாட்டுப் பழக்கறாரு, ஆள் அனுப்பியிருக்கு, வந்துடுவாருன்னேன்.”

“கோவிச்சிக்கிட்டாளா?”

“இல்ல மாமா. ‘ஜன்னலைத் திற சுகி’ன்னா. திறந்தேன். கொஞ்ச நேரம் அப்பிடியே கேட்டுக்கிட்டு இருந்தா. ‘இதோ கேக்குது பாரு. அவரு குரல்தான். எல்லார் குரலையும் அமுக்கிட்டு அவரு மட்டும் கத்தறாரு பாரு’ன்னு சிரிச்சா. அப்புறம் பேசல.”

தயாளன் நிமிர்ந்தான். முகம் சட்டென்று சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது.

“கேட்டுதா? அங்க வரைக்கும்?”

சுகிர்தம் டிரங்க் ரோட்டுப் பக்கம் பார்த்தாள்.

“உனக்குக் கேட்டுதா சுகிர்தம்?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை. யாருக்கும் கெடுதல் இல்லாத வார்த்தை. அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. போன வருஷம் சொன்னதும் இப்படி ஒரு வார்த்தைதான்.

“இல்ல மாமா. எனக்கு டிரங்க் ரோட்டு பஸ் சத்தம்தான் கேட்டுது.”

அவன் பம்புப் பக்கம் திரும்பினான். கைப்பிடியை ஒரு தரம் அழுத்தினான். தண்ணீர் வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

“ஆஸ்பத்திரியில அந்த ஜன்னல் எந்தப் பக்கம்?”

“மேற்கால. புளியமரத்துப் பக்கம்.”

எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். “நீ உள்ள போ. அன்னிக்கு மாதிரி கதவையெல்லாம் திறந்து வை. அந்தப் பாட்டைப் பாடு. நான் அங்க போய் நிக்கறேன்.”

“எதுக்கு மாமா? காத்து அன்னிக்கு எப்பிடி அடிச்சிதோ. இன்னிக்குக் கேக்கலன்னா?”

“பாடு” என்றான். கடைத்தெருப் பக்கம் நடந்துபோனான். செருப்புப் போட மறந்திருந்தான்.

கோயிலுக்குள் பேபி மட்டும் இருந்தாள். குழந்தை அவள் தோளில் அரைத்தூக்கத்தில் கிடந்தது. கதவோரமாகக் குழந்தையின் துணிப்பையும், மேலே இலவம் பஞ்சுத் தலையணையும்.

சுகிர்தம் ஜன்னல் ஜன்னலாகத் திறந்துகொண்டே, தயாளன் கேட்டுக்கொண்டதைச் சொன்னாள். பேபி கேட்டுக்கொண்டாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசலுக்குப் போய், “அண்ணாத்தே, கொஞ்சம் நிறுத்துங்க” என்றாள்.

“இன்னாம்மா இது, வாழைத்தாரு பாதி ஏலத்துல கீது” என்றான் உத்தமன்.

“ஒருத்தர் ஒண்ணு கேக்கணும். அவ்வளவு நேரம்.”

உத்தமன் வாயை மூடினதை அந்தச் சபை அன்றுதான் பார்த்தது.

மாசிலாமணி எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்து துருத்தியை அழுத்தினார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஒரே கட்டையை அழுத்திச் சுருதி மட்டும் பிடித்தார்.

“ஏன்மா எங்கிட்டக்கூட சொல்லல?”

“உங்ககிட்ட சொன்னா நீங்க பொய் சொல்ல விட்டிருக்க மாட்டீங்க நைனா.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

“எனக்குப் பாட்டு தெரியாதே அக்கா” என்றாள் பேபி.

“முதல் வரியை நான் சொல்றேன். அதையே நீ திரும்பச் சொல்லு.”

*நிலம் தந்தவரே, நீர் தந்தவரே* என்று சுகிர்தம் எடுத்தாள். பேபி திரும்பச் சொன்னாள். தோளிலிருந்த குழந்தை தலையைத் தூக்கிப் பார்த்தது. இரண்டாவது அடிக்கு, வாசலில் நின்றவர்களில் பாடகர் குழுப் பெண் ஒருத்தி சேர்ந்துகொண்டாள். அப்புறம் இன்னொருத்தி. பஞ்சவர்ணம் வாசற்படியிலேயே நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் பாடினாள்.

பாட்டு முடிந்தது. யாரும் நகரவில்லை.

“போய்ச் சேர்ந்திருப்பாரா?” என்றாள் பேபி.

“தெரியலையே.”

“அப்போ இன்னொரு தரம் பாடுங்க. பாதி வழியில இருந்தாருன்னா?”

மறுபடியும் முதலிலிருந்து எடுத்தாள். முடிந்தது. மறுபடியும். எந்த நேரம் அவன் அந்தப் புளியமரத்தடியில் நிற்கிறான், எந்த வரி அவனுக்குப் போய்ச் சேரும், எது சேராது? அன்றைக்கு அக்காவுக்குக் கேட்டது பாட்டுத்தானா, சாகிற காதுக்குக் கேட்கிற வேறு ஏதாவதா? சுகிர்தத்துக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் அடிவயிற்றிலிருந்து வேண்டிக்கொண்டு பாடினாள்.

“எப்போ நிறுத்தறது அக்கா?”

“அவரு திரும்பி வந்து சொல்ற வரைக்கும்.”

“வரலன்னா?”

வெளியே டிரங்க் ரோட்டில் காட்டுப்பாக்கம் பஸ் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. சுகிர்தம் கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள்.